மேட்டூர் எத்தனை அடி, பலாவில் எத்தனை சுளை

"ரிட்டயர்டு ஆனப்புறம் பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்காத சொந்தக்காரரே கிடையாது. கேட்கிறவர் முகத்தில் கொஞ்சம் பரிதாபம் இருக்கும், தனக்கும் இன்னும் நாலைந்து வருஷத்தில் இதே கதிதானே என்கிற பயமும் இருக்கும். "கணக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். வட்டிக்கு விட்டிருக்கிறாரோ என்று அவர் ஒரு நிமிஷம் என்னைப் புதிதாகப் பார்ப்பார். வட்டிக்கு விடுகிற அளவுக்குப் பென்ஷன் வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

நான் பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராகச் சேர்ந்து, காவிரிக்கரையிலேயே சுற்றிச் சுற்றி வேலை பார்த்து, கடைசியில் திருவானைக்காவலில் வீட்டைக் கட்டி உட்கார்ந்தவன். காலையில் பேப்பர் வந்ததும் மேட்டூர் நீர்மட்டம் போட்டிருக்கிற அந்த மூன்று வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வயசுக்காரர்களில் பாதிப்பேருக்கு இந்த வியாதி உண்டு. ஒரு குழி நிலம்கூட இல்லாதவர், அரிசியை ரேஷனில் வாங்குகிறவர், அவரும் டீக்கடையில் முதல் கேள்வியாக "இன்னிக்கு எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்.

அங்கேதான் தகராறு ஆரம்பிக்கும். ஒருத்தர், "60 அடி இருக்குது சார், பாதி டேம் இருக்கே" என்பார். அணை 120 அடி, அதனால் 60 அடி என்றால் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அணை என்பது சிமெண்டுத் தொட்டி இல்லை, பள்ளத்தாக்கு. கீழே குறுகி மேலே போகப் போக விரிகிறது. 120 அடி முழுக்க நிரம்பினால் 93.47 டிஎம்சி, அதாவது 9,347 கோடி கன அடி. 100 அடியில் கிட்டத்தட்ட 65 டிஎம்சிதான். அதாவது மேலே இருக்கிற இருபது அடிக்குள் மட்டும் 28 டிஎம்சி உட்கார்ந்திருக்கிறது. 60 அடிக்கு வந்துவிட்டால் கையில் இருப்பது கால்வாசியை ஒட்டித்தான். இதைச் சொன்னால் அவர் டீயைக் குடித்துவிட்டு, "அப்போ பேப்பர்காரன் ஏன் அடிக்கணக்கு போடறான்?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். அது நல்ல கேள்வி.

இன்னொன்று, தொலைக்காட்சியில் "வினாடிக்கு 12,000 கன அடி திறப்பு" என்று ஓடும்போது அது எவ்வளவு தண்ணீர் என்று யாருக்கும் பிடிபடாது. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. நூறு கோடியை 86,400 ஆல் வகுத்தால் 11,574 வரும். அவ்வளவுதான், சுமார் பதினோராயிரத்து ஐந்நூறு கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி காலி. எங்கள் ஆபீஸில் புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் மனப்பாடம் ஆக வேண்டியது இந்த எண்தான். லிட்டரில் சொன்னால் 2,800 கோடிக்கும் மேல். தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரி 23 லட்சம் லாரிக்கு மேல் வேண்டும். ஒரு டிஎம்சிக்கு இரண்டு மாநிலம் ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறது என்று கேட்கிற பேரப்பிள்ளைகளுக்கு லாரிக் கணக்கைச் சொன்னால் சட்டென்று புரிந்துவிடுகிறது.

சரி, இது காலை வேலை. அப்புறம் வாட்ஸப்.

எங்கள் குடும்பக் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பேர். அதில் என் மச்சினர் ஒருத்தர் விடியற்காலை ஐந்தரைக்கே பொங்கிவிடுவார். ஒரு பூ, ஒரு முருகன், ஒரு வெந்தய வைத்தியம், கடைசியில் ஒரு உலக அதிசயம். போன பிப்ரவரியில் வந்த அதிசயம் இது: "இந்த மாதத்தில் நான்கு ஞாயிறு, நான்கு திங்கள், நான்கு செவ்வாய்… எல்லாக் கிழமையும் சரியாக நான்கு. 823 வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படி வரும். பதினோரு பேருக்கு அனுப்புங்கள், பணம் வரும்." அம்மாடி! 28 நாளை ஏழால் வகுத்தால் நாலு. லீப் வருஷம் இல்லாத எந்த பிப்ரவரியை எடுத்தாலும் எல்லாக் கிழமையும் நாலுதான். நாலு வருஷத்தில் மூன்று தடவை வருகிற ஒன்றை 823 வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்களே, அந்த 823 என்கிற எண்ணை முதலில் எவன் கண்டுபிடித்தான் என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். கேட்க ஒரு கம்பீரம் இருக்கிறது பாருங்கள், 800 என்றிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு: "ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு வருகிற மாதம்." அதுவும் 823 வருஷமாம். 31 நாள் உள்ள மாதம் வெள்ளிக்கிழமை பிறந்தால் தானாக அப்படி அமையும். 2025 ஆகஸ்ட் அப்படி இருந்தது, 2026 மே அப்படி, 2027-இல் ஜனவரி, அக்டோபர் என்று இரண்டு மாதம் அப்படி. மச்சினருக்கு இதைக் குழுவிலேயே எழுதினேன். "சரி மாப்பிள்ளை, ஆனா பணம் வரும்னு போட்டிருக்கே, அதுக்கென்ன சொல்றீங்க?" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து குழுவில் எனக்கு 'ஆடிட் பார்ட்டி' என்று பெயர்.

கிழமை என்றதும் ஒரு வித்தை சொல்கிறேன், வீட்டுப் பிள்ளைகளிடம் மதிப்பைக் கூட்டிக்கொள்ள உதவும். எந்த வருஷமானாலும் 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 இந்த ஐந்து தேதியும் ஒரே கிழமையில்தான் வரும். 2026-இல் எல்லாம் சனி. கூடவே 9/5, 5/9, 7/11, 11/7, இந்த நான்கும் அதே கிழமை. தேதியை முதலில் படித்தாலும் மாதத்தை முதலில் படித்தாலும் வந்துவிடும், அதுதான் இதில் அழகு. ஜான் கான்வே என்கிற கணித மேதை இதை வைத்து எந்த வருஷத்துக்கும் கிழமை சொல்கிற முறையையே உண்டாக்கினார். முழுசாக வேண்டாம், இந்த ஒன்பது தேதி போதும். சுதந்திர தினம் என்ன கிழமை? 8/8 சனி என்றால் ஏழு நாள் கழித்து 15-ஆம் தேதியும் சனி. காந்தி ஜெயந்தி? 10/10 சனி, எட்டு நாள் பின்னால் போனால் வெள்ளி. அதாவது வெள்ளி, சனி, ஞாயிறு தொடர்ந்து லீவு, ஊருக்குப் போகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம். இப்படி நான் காலண்டரைப் பார்க்காமல் சொன்னதும் பேத்தி, "தாத்தா, போன்லயே பார்க்கலாமே" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் வித்தை காட்டுவது ரொம்பக் கஷ்டம்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது குழுவில் இது வரும்: பிதாகரஸுக்கு முன்பே போதாயனர் என்கிற தமிழர் வர்க்கமூலமே இல்லாமல் கர்ணத்தை, அதாவது செங்கோண முக்கோணத்தின் சாய்வான நீளப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார், வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான், பகிருங்கள். கூட ஒரு பழம்பாட்டு. பாட்டின் சாரம் இதுதான்: செங்கோணத்தை ஒட்டியிருக்கிற இரண்டு பக்கத்தில் பெரிய பக்கத்தை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளு, மீதியோடு சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும். 4, 3 என்று வைத்துப் பாருங்கள். நாலில் எட்டில் ஒன்று அரை, அதைக் கழித்தால் மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, கூட்டினால் 5. சபாஷ். 12, 5 வைத்தால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. மறுபடி சபாஷ். இரண்டு உதாரணம் சரியாக வந்ததும் எல்லோரும் கைதட்டிவிட்டு பதினோரு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மூன்றாவது உதாரணத்தைப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் என்னைப் போல வேலையில்லாதவன் வேண்டியிருக்கிறது. 24, 7 என்றால் கர்ணம் 25 வர வேண்டும், பாட்டுக்கணக்கில் இருபத்துநாலரை வருகிறது. 15, 8 என்றால் 17 வர வேண்டும், கொஞ்சம் கூடிப் போகிறது. இன்னும் வேடிக்கை வேண்டுமா, 40 அடி நீளம் 4 அடி உயரத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதில் ஐந்து போக முப்பத்தைந்து, நாலில் பாதி இரண்டு, மொத்தம் 37. சுவரே 40 அடி, அதன் குறுக்களவு 37 அடியாம்! இந்தக் கணக்கை நம்பிக் கம்பி வெட்டினால் கம்பி மூலையைத் தொடவே தொடாது.

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, எந்தெந்த அளவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும் என்று சமன்பாடு போட்டுப் பார்த்தேன். இரண்டே இரண்டு விடை. பக்கங்கள் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், அல்லது 12-க்கு 5. உலகத்தில் வேறு எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் சரியாக வராது. ஃபார்வர்டு எழுதியவர் காட்டின உதாரணம் இரண்டும் அதே இரண்டுதான்! தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற விகிதங்களுக்கு நூற்றுக்கு ஒன்றுகூடத் தப்பாது. சதுரத்துக்கு நூற்றுக்கு மூன்று அளவுக்குள் குறையும். நீளமாக ஒல்லியாகப் போகப் போகத்தான் பன்னிரண்டு சதவீதம் வரை காலை வாரிவிடும்.

அதனால் பாட்டு எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அது கொத்தனார் கணக்கு. கூரைக்கு எத்தனை நீளத்தில் மூங்கில் வெட்டுவது, எவ்வளவு கயிறு வாங்குவது என்று கையில் காகிதமே இல்லாமல் வாயாலேயே சொல்லிவிடலாம். 40-க்கு 60 மனை, அதாவது நம் ஊர் ஒரு கிரவுண்டு, அதன் குறுக்களவு பாட்டின்படி எழுபத்திரண்டரை அடி. நிஜம் 72 அடியும் ஒன்றேகால் அங்குலமும். நாலரை அங்குலத்துக்குச் சற்று மேல் வித்தியாசம். மனதிலேயே போட்ட கணக்குக்கு இது பிரமாதம். ஆனால் அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும்போது எந்தக் கொத்தனாரும் இதைத் தொட மாட்டார். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, ஒரு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வருகிறதா என்று டேப்பைப் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் முளை அடிப்பார். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் இரண்டு குறுக்களவும் சமமா என்று பார்ப்பார். மூலைமட்டம் பார்க்காமல் எழுப்பின சுவரை டைல்ஸ் ஒட்ட வருகிறவன் திட்டுகிற திட்டைக் கேட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இதில் பெரிய தமாஷ் என்னவென்றால், நிஜப் போதாயனர் சமஸ்கிருதத்தில் சுல்ப சூத்திரம் எழுதினவர், கயிறு பிடித்து வேள்விமேடை அளக்கிற ஆசாமி. செவ்வகத்தின் குறுக்குக் கயிறு உண்டாக்கும் பரப்பு, இரண்டு பக்கமும் தனித்தனியாக உண்டாக்கும் பரப்புகளின் கூட்டுத்தொகை என்று அவர் அப்போதே சுத்தமாகச் சொல்லிவிட்டார். இரண்டின் வர்க்கமூலத்துக்கு அவர் தந்த அளவைப் போட்டுப் பார்த்தால் 1.414215 என்று வருகிறது, ஐந்து தசம இடம் வரை சரி. பாட்டுக்கணக்கு அதே இடத்தில் 1.375 என்கிறது. அப்பேர்ப்பட்ட மனுஷன் தலையில் இந்த உத்தேசக் கணக்கைக் கட்டி, அதைத்தான் பெருமை என்று ஊர் முழுக்க அனுப்புகிறோம். இதை விளக்கி நீளமாக எழுதியதற்குக் குழுவில் ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் என் தங்கை பேரன் தெரியாமல் தொட்டதாம்.

அதே மாதிரிதான் பலாப்பழமும். கணக்கதிகாரம் என்கிற பழைய நூலில் ஒரு வெண்பா இருக்கிறது. பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று சொல்கிற வழி: காம்பைச் சுற்றி இருக்கிற சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. காந்தி மார்க்கெட்டில் ஒரு பண்ருட்டிப் பலா வாங்கி வந்து திண்ணையில் வைத்துக்கொண்டு முள்ளை எண்ண உட்கார்ந்தேன். காம்பருகே என்றால் எது வரை? ஒரு வரிசையா, இரண்டு வரிசையா? சாக்பீஸால் எண்ணிய முள்ளின் மேல் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் மனைவியிடம் மெதுவாக, "சாருக்கு உடம்பு நல்லா இருக்குதில்ல?" என்று விசாரித்தார்.

அப்புறம் கத்திக்கும் கைக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வெட்டி, பாலைத் துடைத்துத் துடைத்து, சுளையை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டு எண்ணினோம். வெண்பாவுக்கும் முறத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. ஏன் எட்டாது என்பதற்குக் காரணம் பழத்திலேயே இருக்கிறது. பலா என்பது ஒற்றைப் பழம் இல்லை, ஒரு தண்டில் நெருக்கியடித்துப் பூக்கிற நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாகச் சேர்ந்தது. மேலே தெரிகிற ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது, சேராத பூ நடுவே நார் நாராகத் தொங்குகிறதே, அதுவாகிவிடுகிறது. ஆக, முள்ளுக்கும் சுளைக்கும் சம்பந்தம் உண்டு என்று கண்டுபிடித்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் எத்தனை பூவுக்கு மகரந்தம் சேர்ந்தது என்பது பூச்சிக்கும் காற்றுக்கும்தான் வெளிச்சம், காம்போரத்து முள்ளை வைத்து அதைப் பிடிக்க முடியாது. மனைவி சொன்ன தீர்ப்பு வேறு. "எத்தனை சுளைன்னு எண்ணிட்டீங்க, சரி. யார் யார் வீட்டுக்கு எத்தனை குடுக்கணும்னு நான் ஒரு கணக்கு வெச்சிருக்கேன், அதைக் கேளுங்க."

கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று வந்தால் நான் மொய்க்கவரோடு ஒரு காகிதமும் வைப்பேன். மாயச்சதுரம். ராமானுஜனின் பிறந்த நாளான 22-12-1887 முதல் வரியில் வரும்படி ஒரு சதுரம் சுற்றுகிறதே, எப்படிக் கூட்டினாலும் 139 வருமே, அதேதான். யாருடைய பிறந்த நாளுக்கும் போடலாம். முதல் வரியில் தேதி, மாதம், நூற்றாண்டு, வருஷம். நாட்டின் சுதந்திர தினத்துக்குப் போடுவோம்: 15, 8, 19, 47. கூட்டினால் 89. இரண்டாம் வரியில் வருஷத்தோடு ஒன்று கூட்டு, நூற்றாண்டில் ஒன்று கழி, மாதத்தில் மூன்று கழி, தேதியோடு மூன்று கூட்டு: 48, 18, 5, 18. மூன்றாம் வரி, மாதத்தில் இரண்டு கழி, தேதியில் இரண்டு கூட்டு, வருஷத்தில் இரண்டு கூட்டு, நூற்றாண்டில் இரண்டு கழி: 6, 17, 49, 17. கடைசி வரி, நூற்றாண்டோடு ஒன்று கூட்டு, வருஷத்தில் ஒன்று கழி, தேதியோடு ஒன்று கூட்டு, மாதத்தில் ஒன்று கழி: 20, 46, 16, 7. குறுக்கே, நெடுக்கே, மூலைவாட்டில், நாலு மூலை, நடு நாலு, எப்படிக் கூட்டினாலும் 89.

ஒரே சிக்கல், ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கு நடுவில் மைனஸ் வந்துவிடும். என் சகலை தை மாதத்தில் பிறந்தவர். அறுபதாம் கல்யாணத்தில் சதுரத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா எனக்கு மட்டும் ஏன்யா மைனஸ் போட்டீங்க?" என்று பந்தியிலேயே கேட்டுவிட்டார். நல்ல வேளையாக எங்கள் தலைமுறையில் பலருக்கும் இரண்டு பிறந்த நாள். அம்மா சொல்வது ஒன்று, ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயசு ஆகியிருக்க வேண்டுமே என்று வாத்தியார் மே மாதத்தில் எழுதிவிட்டது ஒன்று. சகலைக்குச் சர்ட்டிபிகேட் தேதி மே. அதை வைத்து வேறு சதுரம் போட்டுக் கொடுத்தேன். மைனஸ் போய்விட்டது, மனுஷர் பாயசத்துக்கு உட்கார்ந்தார்.

வருஷா வருஷம் பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதாக நிரூபிக்கப் போகிறோமே, அங்கேயும் ஒரு தமாஷ். மெஷினில் என் கட்டைவிரல் ரேகை விழவில்லை. அடுத்த விரல், அதுவும் இல்லை. "சிமெண்டு வேலை பார்த்தீங்களா சார், ரேகை தேஞ்சிருக்கு" என்றான் பையன். ஓவர்சீயர் சிமெண்டைத் தொட்டானா என்று எந்தக் கொத்தனாரிடமாவது கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். கடைசியில் கண்ணைக் காட்டச் சொன்னான், அதில் உயிரோடு இருப்பதாக வந்தது.

சைட்டில் இருந்த காலத்தில் நான் எல்லோருக்கும் போடுகிற புதிர் ஒன்று உண்டு. ஒரு செங்கல்லின் எடை, ஒன்றரைக் கிலோவும் அரைச் செங்கல்லும். அப்படியென்றால் ஒரு செங்கல் எத்தனை கிலோ? இஞ்சினியரிங் படித்த பையன்கள் பேனாவை எடுத்து இரண்டேகால் என்றார்கள். பக்கத்தில் கல் தூக்கிக்கொண்டிருந்த சித்தாள் நிற்காமல், "மூணு கிலோங்க, வேணும்னா தூக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அரைச் செங்கல் ஒன்றரைக் கிலோ என்பது அந்தத் தலைக்குத் தெரியாதா?

உங்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கஷ்டமாக ஒன்று. ஒரு மளிகைக்கடைக்காரரிடம் 40 கிலோ எடைக்கல் ஒன்று இருந்தது. கீழே விழுந்து நாலு துண்டாக உடைந்துவிட்டது. தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், நாலு துண்டையும் எடை பார்த்ததும் எழுந்து நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஏனென்றால் அந்த நாலு துண்டை வைத்தே ஒரு கிலோ முதல் 40 கிலோ வரை எந்த முழு எடையையும் தராசில் நிறுத்துவிடலாம். துண்டுகளின் எடை என்னென்ன? தராசுக்கு இரண்டு தட்டு என்பதை மறக்க வேண்டாம், அதற்கு மேல் துப்பு கிடையாது. விடை கேட்டு போன் செய்கிறவர்கள் மதியம் இரண்டு முதல் நாலு வரை செய்ய வேண்டாம். அந்த நேரத்தில் போனை எடுப்பது என் மனைவி.